ஹேப்பி சீடர் மதிப்பாய்வு: நெல் அறுத்த வயலில் உழாமல் கோதுமை, யூரியா எப்போது?

பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுவடை முடிந்ததும், தாளையும் (வயலில் நிற்கும் அடித்தண்டு) வைக்கோலையும் எரிக்காமல் அவற்றின் நடுவிலேயே கோதுமை விதைப்பதற்காக உருவான இயந்திரம் ஹேப்பி சீடர். நல்ல இயந்திரம், தயங்காமல் சொல்லலாம். சொந்தமாக வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் சொல்லும் குறைகளைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் போய் முடியும்: இதற்கு முன்னால் வயலில் ஓடிய கம்பைன் அறுவடை இயந்திரம், இதற்குப் பின்னால் தூவிய யூரியா. விதைக்கும் இயந்திரத்தை மாற்றிவிட்டு, உழுத நிலத்துக்கான உர அட்டவணையையே தொடர்கிறார்கள். பயிர் மஞ்சளாகிறது. பழி இயந்திரத்தின் மேல் விழுகிறது. அதனால் இந்த மதிப்பாய்வில் இயந்திரத்துக்கு எவ்வளவு இடமோ, யூரியா தரும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) அவ்வளவு இடம்.

முதலில் சிக்கல் எங்கே என்று பார்த்துவிடலாம். பஞ்சாபில் 2009-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஜூன் மாதத்தில் அரசு குறிக்கும் தேதிக்கு முன் நெல் நடவு செய்ய முடியாது. நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமைக்கு அங்கே சரியான விதைப்புக் காலம் அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் நடு வரை. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே 15, 20 நாள்தான் கிடைக்கும். காலம் கடந்து விதைத்தால் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு போகும் என்பது பொதுக் கணக்கு. ஒரு ஏக்கரில் இரண்டரை முதல் மூன்று டன் வைக்கோல் கிடக்கிறது. வழக்கமான முறையில் சட்டிக்கலப்பை இரண்டு சால், கொழுக்கலப்பை இரண்டு சால், மண்ணைச் சமன்படுத்தப் பரம்பு என்று ஐந்தாறு தடவை டிராக்டர் ஓட வேண்டும். இவ்வளவுக்கும் நேரம் இல்லாதவர் தீக்குச்சியை எடுக்கிறார்.

அந்தத் தீயில் போவது என்ன என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) உண்டு. எரித்தால் தழைச்சத்து அநேகமாக முழுவதும் புகையாகப் போகிறது, மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) கால்பங்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் கூடவே போகின்றன. ஏக்கருக்கு மூன்று டன் என்றால் சுமார் 16 கிலோ தழைச்சத்து, அதாவது 35 கிலோ யூரியாவுக்கு ஈடானது.

இயந்திரத்தின் அமைப்பு

லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியாவின் பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையத்தின் ஆதரவோடு 2000-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியது. முதல் வடிவம் வைக்கோலை வாரி எடுத்துப் பின்னால் வீசியது. நீளமாகவும் பாரமாகவும் இருந்தது. இன்று சந்தையில் கிடைப்பது அதற்குப் பின் வந்த ‘டர்போ’ வடிவம். ஒரே சட்டத்தில் இரண்டு வேலை: முன்பக்கம் வைக்கோலை வெட்டி ஒதுக்கும் சுழல்தண்டு, அதை ஒட்டியே மண்ணைக் கீறி விதையையும் உரத்தையும் இறக்கும் கொழுக்கள்.

கொழு தலைகீழ் ‘டி’ வடிவம். மண்ணைக் கிழித்துப் புரட்டாது. குறுகலான ஒரு பிளவைத் திறந்து, அடியில் மட்டும் சற்று அகலமாக்கி விதையை வைத்துவிட்டுப் போகும். ஒவ்வொரு கொழுவுக்கும் முன்னால் சுழல்தண்டில் கத்திகள் ஜோடியாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அவை கொழுவின் முகத்தை உரசுகிற மாதிரிப் போய், அங்கே சேரும் வைக்கோலைத் தட்டிவிடும். இந்தக் கத்திக்கும் கொழுவுக்கும் உள்ள இடைவெளிதான் இயந்திரத்தின் உயிர். ஒரு விரல் கனத்துக்கு மேல் போனால் வைக்கோல் கொழுவில் சுற்றிக்கொள்ளும். ஒரு பருவம் ஓடியதும் கத்தி முனை தேய்ந்து இந்த இடைவெளி கூடும். அடுத்த பருவத்துக்கு முன் கத்திகளை மாற்றாத இயந்திரத்தைத்தான் ‘அடைக்குது, அடைக்குது’ என்று திட்டுகிறார்கள்.

ஒன்பது அல்லது பத்து வரிசை, வரிசைக்கு இடையே 20 செ.மீ. டிராக்டர் குறைந்தது 45 குதிரைத்திறன், 50 இருந்தால் நிம்மதி. இரட்டைக் கிளட்ச் வேண்டும். திருப்பத்தில் டிராக்டர் நின்றாலும் சுழல்தண்டு சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அடைப்பு வராது. டிராக்டரிலிருந்து இயந்திரத்துக்குச் சுழல்விசை தரும் தண்டு (பி.டி.ஓ.) நிமிடத்துக்கு 540 சுற்றில், முதல் லோ கியரில், மணிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோமீட்டர் வேகம். நாளுக்கு ஆறிலிருந்து எட்டு ஏக்கர் முடியும். அதற்கு மேல் சொல்லும் ஓட்டுநர் வேகத்தைக் கூட்டி ஓட்டுகிறார், விதை ஆழம் கெடும்.

இன்னொன்று, இயந்திரத்தின் பாரம் முழுவதும் டிராக்டரின் பின்னால் தொங்குகிறது. முன்பக்கம் எடைக்கட்டிகள் இல்லாமல் தூக்கித் திருப்பினால் முன்சக்கரம் மேலே எழும்.

கம்பைன் சரியாக ஓடாத வயலில் இதை இறக்காதீர்கள்

சாதாரணக் கம்பைன், வைக்கோலை நடுவில் ஒரே வரிசையாகக் கொட்டிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் வெறும் தாள், நடுவில் முழங்கால் உயரக் குவியல். அந்தக் குவியலுக்குள் ஹேப்பி சீடர் நுழைந்தால் இரண்டு தீங்கு: கொழு மண்ணைத் தொடாமல் வைக்கோல் மேலேயே விதையைப் போடும், முளைத்தாலும் மூட்டத்துக்கு அடியில் வெளுத்து நீளும். அதனால்தான் கம்பைனின் பின்னால் ‘சூப்பர் எஸ்.எம்.எஸ்.’ என்ற வைக்கோல் நறுக்கிப் பரப்பும் கருவி தேவை. பஞ்சாபில் 2018 முதல் இதைக் கட்டாயமாக்கினார்கள். இது கம்பைன் எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கைத் தின்னும், டீசல் கூடும். ஆகவே சில ஓட்டுநர்கள் அதன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அறுப்பார்கள். அறுவடை நாளில் வரப்பில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இதுதான். பரவாத வயலாக இருந்தால், விதைப்புக்கு முன் ஆட்களை வைத்துக் குவியலைக் கலைத்துவிடுவது விதையை வீணாக்குவதைவிட மலிவு.

நெல் ரகத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பூசா 44 போன்ற நீண்ட கால ரகம் வைக்கோலையும் அதிகம் தரும், அறுவடையையும் தள்ளும். பி.ஆர். 126 போன்ற குறுகிய கால ரகம் வைத்தவருக்குக் கூடுதலாகச் சில வாரம் கிடைக்கும், வைக்கோலும் குறைவு. ஹேப்பி சீடர் நன்றாக ஓடுகிற வயலில் பாதி வெற்றி ஜூன் மாதமே தீர்மானமாகிவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

விதைப்பு நாள்

ஈரம்: உழுது விதைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் கையில் பிடித்த மண் உருண்டையாகிப் பிசுபிசுத்தால் நிறுத்திவிடுங்கள். ஈரக் களியில் தலைகீழ் ‘டி’ கொழு பிளவின் சுவரை மெழுகிவிடும். காய்ந்ததும் அது வாய் பிளந்து, விதை வெளியே தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பே நெல்லுக்குத் தண்ணீரை நிறுத்திய நடுத்தர மண்ணில் பெரும்பாலும் இருக்கும் ஈரமே போதும். மணற்பாங்கான நிலத்தில் போதாது. அங்கே விதைப்புக்கு முன் ஒரு தண்ணீர், பஞ்சாபில் ‘ரௌணி’ என்பார்கள், விட்டுப் பதம் வந்ததும் விதைக்கலாம்.

நேரம்: காலைப் பனி இறங்கிய வைக்கோல் வெட்டுப்படாது, சுற்றிக்கொள்ளும். பத்து, பதினொரு மணிக்கு மேல், வைக்கோலைக் கையில் எடுத்து மடித்தால் ‘படக்’கென்று ஒடிகிற பதத்தில் தொடங்க வேண்டும். மாலையில் பனி தொடங்கும் முன் நிறுத்த வேண்டும். நவம்பரில் நாளுக்கு ஆறேழு மணி நேரம்தான் வேலை.

ஆழம் 4 முதல் 5 செ.மீ. விதையளவு ஏக்கருக்கு 45 கிலோ, உழுத நிலத்துக்குச் சொல்லும் 40 கிலோவைவிட ஐந்து கிலோ கூடுதல். ரகத்தில் பி.பி.டபிள்யூ 869-ஐப் பல்கலைக்கழகம் வைக்கோல் உள்ள நிலத்து விதைப்புக்கென்றே பரிந்துரைக்கிறது.

விதையும் உரமும் விழும் அளவைச் சரிபார்க்காமல் வயலில் இறங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சென்ற ஆண்டு வைத்த இடத்தில் நெம்புகோல் இருக்கிறது என்பது ஒரு காரணமே அல்ல. விதையின் பருமன் மாறியிருக்கும், உரக் குருணையின் தன்மை மாறியிருக்கும். செய்முறை எளிது. ஒன்பது வரிசை, 20 செ.மீ. என்றால் அகலம் 1.8 மீட்டர். 45 மீட்டர் தூரம் ஓடினால் 81 சதுர மீட்டர், ஏக்கரில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு பை கட்டி, இயந்திரத்தை லேசாகத் தூக்கி வைத்து, அளவைச் சுழற்றும் தரைச்சக்கரத்தை 45 மீட்டருக்கு உரிய சுற்றுகள் கையால் சுற்றுங்கள். சக்கரத்தின் சுற்றளவு 1.2 மீட்டர் என்றால் முப்பத்தேழரை சுற்று. ஒவ்வொரு விதைப் பையிலும் 100 கிராம், ஒவ்வொரு உரப் பையிலும் சுமார் 145 கிராம் டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த குருணை உரம்) விழுந்தால் ஏக்கருக்கு 45 கிலோ விதை, 65 கிலோ டி.ஏ.பி. சரி. ஒரு குழாயில் மட்டும் குறைந்தால் அங்கே பழைய உரம் கட்டிப்பட்டு அடைத்திருக்கிறது என்று பொருள். டி.ஏ.பி. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. பருவம் முடிந்து பெட்டியைக் கழுவிக் காயவைக்காமல் கொட்டகையில் தள்ளியவர்களுக்கு இது நடக்கும்.

விதைத்த பின் பரம்பு அடிக்க வேண்டாம், அடிக்கவும் முடியாது. முதல் இரண்டு வாரம் வயலைப் பார்த்தால் வெறும் வைக்கோல்தான் தெரியும். பக்கத்து உழுத வயலில் வரிசை பச்சையாகத் தெரியும்போது இங்கே ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். குனிந்து வைக்கோலை விலக்கி, ஒரு மீட்டர் வரிசையில் முளை இருக்கிறதா, சீராக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பயிர் இருக்கும். இந்தப் பதினைந்து நாள் பயத்தில் மறுபடி உழுது விதைத்தவர்கள், காசையும் விதைப்புக் காலத்தையும் சேர்த்தே தொலைத்தார்கள்.

தழைச்சத்து: அளவு அதே, நேரம் வேறு

உழுத நிலத்தில் வழக்கம் என்ன? டி.ஏ.பி. 55 கிலோ, யூரியா 90 கிலோ. யூரியாவில் பாதி விதைப்போடு, மீதி முதல் தண்ணீரோடு. தழைச்சத்துக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ.

ஹேப்பி சீடர் விதைப்பில் டி.ஏ.பி. 65 கிலோ விதையோடு சேர்ந்து இறங்குகிறது. அதிலேயே சுமார் 12 கிலோ தழைச்சத்து. மீதியை முதல் தண்ணீருக்கு முன் ஒரு மூட்டை யூரியா, இரண்டாம் தண்ணீருக்கு முன் ஒரு மூட்டை என்று பிரிக்க வேண்டும். இப்போது மூட்டை 45 கிலோ என்பதால் நிறுக்கக்கூட வேண்டாம். இரண்டு மூட்டையில் 41 கிலோ, ஆக மொத்தம் 53. எக்டேருக்குச் சுமார் 130 கிலோ. மொத்த அளவு கிட்டத்தட்ட மாறவில்லை. விதைப்பன்று போட்ட யூரியா அங்கிருந்து நகர்ந்து பின்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த நகர்வுக்கு மூன்று காரணம் உண்டு. மூன்றையும் புரிந்துகொண்டால் எந்த மண்ணிலும் தானே முடிவெடுக்கலாம்.

முதல் காரணம், யூரியாவை விதையோடு ஒரே பிளவில் போட முடியாது. யூரியா கரைந்து அம்மோனியாவாக மாறும்போது பக்கத்தில் இருக்கும் முளை கருகும். உழுத நிலத்தில் மண் தளர்ந்து விரவியிருப்பதால் யூரியா சிதறிக் கலக்கும். இங்கே எல்லாம் ஒரே குறுகலான சந்துக்குள் கிடக்கிறது. ‘இரண்டையும் உரப்பெட்டியில் கலந்து விட்டால் ஒரு வேலை மிச்சம்’ என்று நினைப்பவர்களின் வயலில் வரிசை வரிசையாக முளைப்பு விழுந்திருக்கும்.

இரண்டாவது, விதைப்புக்கு முன் வைக்கோல் மேல் தூவினால் வீண். வைக்கோலின் மேற்பரப்பில் யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற நொதி மண்ணில் இருப்பதைவிட அதிகம். பஞ்சாப் மண் காரத் தன்மை உள்ளது. வைக்கோல் மேல் தங்கிய குருணை பனி ஈரத்தில் கரைந்து, மண்ணைத் தொடுவதற்கு முன்பே அம்மோனியாவாகக் காற்றில் கலக்கும். வேப்பெண்ணெய் பூசிய யூரியா இதைத் தடுக்காது. வேம்பு செய்வது அடுத்த கட்டத்தை, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவது.

மூன்றாவது, நுண்ணுயிர்கள். நெல் வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60, 70 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 பங்குக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில் தழைச்சத்து தேவை. பற்றாக்குறையை மண்ணிலிருந்தும் நீங்கள் போட்ட உரத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். சில வாரம் கழித்து அவை மடியும்போதுதான் திருப்பித் தரும். இந்த முடக்கம் வைக்கோல் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. மண்ணோடு கலந்த வைக்கோல் வேகமாக மட்கும், ஆகவே முதல் மூன்று, நான்கு வாரம் தழைச்சத்தை இறுக்கிப் பிடிக்கும். மேலே கிடக்கும் வைக்கோலுக்கு மண்ணோடு தொடர்பு குறைவு, மெதுவாக மட்கும், கோதுமை அறுவடையின்போதும் ஏறக்குறைய பாதி மிச்சம் இருக்கும். பிடிப்பு லேசானது, நீண்டது. உழாத முறையில் தழைச்சத்து முடங்கும் என்ற பயம் உண்மையில் உழுது கலக்கும் முறைக்குத்தான் அதிகம் பொருந்தும். வைக்கோலைக் கலக்க வேண்டும் என்றால் கலந்து மூன்று வாரம் விட்டு விதைக்கச் சொல்வது இதனால்தான். அந்த மூன்று வாரம்தான் யாரிடமும் இல்லை.

யூரியா தூவும் முறையில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: தண்ணீருக்கு முன், அன்றே தூவ வேண்டும். காய்ந்த வைக்கோலில் விழுந்த குருணை இடுக்கு வழியாக இறங்கும். பின்னால் வரும் தண்ணீர் அதைக் கரைத்து மண்ணுக்குள் கொண்டுபோகும். தண்ணீர் பாய்ச்சி முடித்து, ஈர வைக்கோல் மேல் தூவினால் குருணை ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும், மேலே போகும். உழுத நிலத்தில், அதுவும் மணல் நிலத்தில், தண்ணீருக்குப் பின் தூவுவது பலருக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை இங்கே எடுத்துவரக் கூடாது. மணல் நிலத்தில் கரைந்த உரம் வேருக்குக் கீழே போய்விடுமே என்ற கவலைக்கு மருந்து, தண்ணீரை மெல்லியதாகப் பாய்ச்சுவது.

முதல் தண்ணீர் விதைத்து 21 முதல் 28 நாளுக்குள், கிரீடவேர் (தண்டின் அடியிலிருந்து கிளம்பும் வேர்) விடும் பருவத்தில். வைக்கோல் மூடாக்கு ஈரத்தைக் காப்பதால் கனத்த மண்ணில் நாள்கணக்கை மட்டும் நம்பாமல், வைக்கோலை விலக்கி ஓரடி தோண்டிப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. இரண்டாம் தண்ணீரும் கடைசி யூரியாவும் 55 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். அதன்பின் போடும் யூரியா இலையைப் பச்சையாக்கும், மணியைக் கூட்டாது. பயிர் சாயும், அசுவினிப் பூச்சி வரும். இரண்டாம் மூட்டைக்கு முன், இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்தை மதிப்பிடும் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். அட்டையின் நான்காம் நிறத்தைவிட இலை கரும்பச்சையாக இருந்தால் முழு மூட்டை வேண்டாம், குறைத்துப் போடலாம்.

வைக்கோலைத் திருப்பித் தருகிறோமே, முதல் ஆண்டே யூரியாவைக் குறைக்கலாமா? கூடாது. முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் மண் வாங்கிச் சேர்க்கும் கட்டத்தில் இருக்கும். தொடர்ந்து எரிக்காமல் விட்ட நிலத்தில் கரிமம் கூடிய பிறகு, மண் பரிசோதனையையும் வண்ண அட்டையையும் பார்த்துப் படிப்படியாகக் குறைக்கலாம். சாம்பல்சத்துக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. அது வைக்கோலிலிருந்து முதல் இரண்டு தண்ணீரிலேயே கழுவி இறங்கிவிடும்.

மஞ்சள் தெரிந்தால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்

முதல் தண்ணீருக்குப் பின் வரும் மஞ்சள் எல்லாம் தழைச்சத்துக் குறை அல்ல. வயலுக்குள் இறங்கி எந்த இலை, எந்த இடம் என்று பார்க்க வேண்டும்.

அடியிலுள்ள மூத்த இலை நுனியிலிருந்து வெளுத்து, வயல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் தழைச்சத்து. கம்பைன் போன தடத்தில் மட்டும் பட்டை பட்டையாக மஞ்சள் ஓடினால் வைக்கோல் அங்கே தடித்துக் கிடக்கிறது. யூரியா மண்ணுக்குப் போகவில்லை, ஒளியும் போதவில்லை. தாழ்ந்த இடத்தில், தண்ணீர் பாய்ந்த மூன்று நான்கு நாளில், செடி முழுக்க வெளிறினால் வேர் மூச்சுத் திணறுகிறது. ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்த நெல் வயலில் 15, 20 செ.மீ. ஆழத்தில் மண் இறுகிப் படுகையாகிவிடும். தண்ணீர் அதன் மேல் தேங்கும். இங்கே கூடுதல் யூரியா ஒன்றும் செய்யாது, வடிகாலும் சிறு பாத்திகளும்தான் வழி. லேசர் கருவியால் நிலத்தைச் சமப்படுத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மணல் நிலத்தில், நடு இலைகளில் நரம்புகளுக்கு இடையே மட்டும் சாம்பல் கலந்த மஞ்சளும் பழுப்புப் புள்ளிகளும் வந்தால் மாங்கனீசுக் குறை. நெல்லுக்குத் தண்ணீர் கட்டிய காலத்தில் மாங்கனீசு கரைந்து கீழே போய்விடுகிறது. ஏக்கருக்கு ஒரு கிலோ மாங்கனீசு சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, முதல் தண்ணீருக்கு இரண்டு முதல் நான்கு நாள் முன்பு ஒரு தடவையும், பிறகு வாரம் ஒரு முறை வெயில் நாளில் இரண்டு மூன்று தடவையும் இலைமேல் தெளிக்க வேண்டும். இளம் இலை முதலில் வெளுத்தால் கந்தகம். ஜனவரி, பிப்ரவரியில் இலையில் கோடு கோடாக மஞ்சள் தெரிந்து, விரலால் தேய்த்தால் பொடி ஒட்டினால் அது மஞ்சள் துரு நோய். அதற்கு யூரியா போடுவது நெருப்புக்கு நெய் வார்ப்பது.

களை, பூச்சி

களையில் ஹேப்பி சீடருக்கு முழு மதிப்பெண். நெல்–கோதுமைச் சுழற்சியின் பெரும்பகை குல்லி டண்டா என்ற புல்களை. 1990-களின் தொடக்கத்தில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லிக்கே அடங்காமல் போய், ஹரியானாவில் உழாமல் விதைக்கும் முறை பரவியதற்கு முக்கியக் காரணமாக இருந்ததும் இதுதான். மண்ணைப் புரட்டாதபோது அதன் விதை மேலே வருவதில்லை, வைக்கோல் மூடாக்கு மிச்சத்தையும் அமுக்குகிறது. முளைக்கு முன் தெளிக்கும் மருந்து வைக்கோலிலேயே தங்கிவிடும் என்பதால் தண்ணீரைக் குறைக்காமல் தெளிக்க வேண்டும்.

பூச்சியில் மதிப்பெண் குறைகிறது. நெல்லிலிருந்த இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான் தாளிலேயே தங்கிக் கோதுமைக்கு இறங்கும், நடுக்குருத்து காயும். அக்டோபரில் முந்தி விதைத்த வயலில் தாக்குதல் அதிகம். அந்தத் தொல்லை உள்ள வட்டாரத்தில் விதைப்பை நவம்பருக்குத் தள்ளலாம். எலியும் வைக்கோலடியில் வசதியாக வளை தோண்டும். வரப்பைச் சுற்றி வளைகளை அடைத்து, மறுநாள் திறந்திருப்பவற்றில் மட்டும் இரை வைப்பது பலன் தரும், அதுவும் ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் செய்தால்.

மற்ற இயந்திரங்களோடு வைத்துப் பார்த்தால்

ஜீரோ டில் டிரில் விலை குறைவு, 35 குதிரைத்திறன் டிராக்டரே போதும். ஆனால் சுழல்கத்தி இல்லை. தாள் மட்டும் நிற்கும் வயலில் அருமையாக ஓடும், பரப்பிய வைக்கோலில் வாரிக்கொள்ளும். வைக்கோலைக் கட்டுகட்டி வெளியே எடுத்துவிடுபவர்கள் ஹேப்பி சீடருக்குச் செலவழிக்கவே வேண்டாம், இதுவே போதும்.

சூப்பர் சீடர் என்பது ரொட்டவேட்டரும் (சுழல்கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி) விதைப்பானும் சேர்ந்தது. வைக்கோலை மண்ணோடு கலக்கிக்கொண்டே விதைக்கும். விதைத்த வயல் உழுத மாதிரி சுத்தமாகத் தெரிவதால் விவசாயிகளுக்குப் பிடித்துவிட்டது. இன்று அதற்கு மவுசும் அதிகம். 55, 60 குதிரைத்திறனுக்கு மேல் டிராக்டர் வேண்டும், டீசல் கூடுதல், விலையும் கூடுதல். என் மனக்குறை வேறு: வைக்கோலைக் கலந்த அதே நிமிடத்தில் விதையும் இறங்குகிறது. மேலே சொன்ன தழைச்சத்து முடக்கம் முழு வீச்சில் நடக்கும் அதே மூன்று நான்கு வாரம்தான் கோதுமை தூர் கட்டும் (பக்கக் கிளைகள் விடும்) தயாரிப்பில் இருக்கும் காலம். சூப்பர் சீடர் விதைப்பில் முதல் யூரியாவைத் தள்ளிப்போடவே கூடாது. மண் உப்பிக் கிடப்பதால் விதை ஆழமாகப் போகும், முதல் தண்ணீரில் அமுங்கிச் சாயும். மூடாக்கின் ஈரச் சேமிப்பும் கிடைக்காது. நாட்டில் பதிவான மார்ச் மாதங்களிலேயே வெப்பம் மிகுந்த 2022 மார்ச் போல மணி பிடிக்கும் நேரத்தில் வெயில் சுட்டால், அந்த மூடாக்கு மண்ணில் வைத்திருக்கும் ஈரம் கைகொடுக்கும்.

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தூவும் நம் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, உழாமல் விதைப்பது ஒன்றும் அதிசயமில்லை. வேறுபாடு பயிரின் பசியில் இருக்கிறது. உளுந்து தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். கோதுமைக்கு நாம்தான் கொடுக்க வேண்டும், அதுவும் வைக்கோலைத் தாண்டி.

வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா

விளைச்சல் குறைவதில்லை. சரியான நாளில் விதைத்தால் உழுத நிலத்துக்குச் சமம், சில ஆண்டு சற்று மேலே. லாபம் செலவுக் குறைவிலிருந்து வருகிறது: ஐந்தாறு ஓட்டம் இருந்த இடத்தில் ஒன்று, டீசல் ஏக்கருக்கு ஐந்து லிட்டர் அளவில் முடிகிறது. 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, எரித்து விதைப்பதைவிட ஹேப்பி சீடர் முறை சராசரியாக 10 முதல் 20 விழுக்காடு கூடுதல் லாபம் தருவதாகக் கணக்கிட்டது. விலை ஒன்றரை லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். 2018-இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் தனி விவசாயிக்குப் பாதி, வாடகை மையம் நடத்தும் குழுக்களுக்கு 80 விழுக்காடு மானியம் என்று வைத்தார்கள். ஆனாலும் ஆண்டில் இருபது நாள் மட்டும் ஓடும் இயந்திரம் இது. நாளுக்கு ஏழு ஏக்கர் என்று வைத்தால் ஒரு பருவத்துக்கு 140 ஏக்கர். பத்து ஏக்கர்காரர் தனியாக வாங்குவதில் பொருளில்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாங்கி, யார் வயல் எந்தத் தேதியில் அறுவடையாகும் என்று செப்டம்பரிலேயே எழுதி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது.

பழைய இயந்திரம் வாங்குபவர்கள் நான்கைப் பார்த்தால் போதும். கத்திக்கும் கொழுவுக்கும் நடுவே விரலை வைத்து இடைவெளி. சுழல்தண்டை வேகமாக ஓடவிட்டு அதிர்வு. ஒரு பக்கக் கத்தியை மட்டும் மாற்றியிருந்தால் சமநிலை கெட்டு உதறும், பேரிங் ஒரே பருவத்தில் போகும். உரப்பெட்டியின் அடித்தகட்டில் துரு ஓட்டை. கடைசியாக, தரைச்சக்கரத்தைக் கையால் சுற்றும்போது விதை அளவி நழுவாமல் கூடவே சுற்றுகிறதா என்பது. சங்கிலி தளர்ந்து பல் தாண்டினால், எவ்வளவு சரியாக அளவு வைத்தாலும் வயலில் அங்கங்கே முழத்துக்கு முழம் விதை இல்லாத இடம் கிடக்கும்.